கர்ப்பக் கால இனிப்பு நீர்: உணவுக்குப் பின் நடப்பதும், டாக்டருடன் கலந்து முடிவெடுப்பதும்

கர்ப்பிணி ஒருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதாகக் கிளினிக்கில் சொன்ன அன்றே வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். சோற்றை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்பார்கள் சிலர். பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும், இப்போது நன்றாகச் சாப்பிட்டு ஓய்வாக இருந்தால் போதும் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தாய்க்கும் நல்லதல்ல, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல. பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களிலும் வாழும் தமிழ்க் கர்ப்பிணிகளையும், அவர்களுடைய கணவர், தாய், மாமியார் ஆகியோரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சாப்பிட்ட பின் நடக்கும் நடையையும், அதற்குப் பின் காட்டும் சர்க்கரை அளவையும் நீங்களே முறையாகக் குறித்து வைத்தால், மருந்து வேண்டுமா, எந்த மருந்து, பிரசவத்தை எப்போது வைத்துக்கொள்வது என்ற கேள்விகள் வரும்போது வெறுமனே தலையாட்டிவிட்டு வராமல், டாக்டருடன் சேர்ந்து முடிவெடுக்க உங்களால் முடியும். நான் இங்கே வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

முதலில் எண்களை அறிந்துகொள்ளுங்கள்

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து நஞ்சு (நஞ்சுக்கொடி) சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்யும் திறனைக் குறைக்கின்றன. வளரும் பிள்ளைக்குத் தடையில்லாமல் குளுக்கோஸ் கிடைக்க வேண்டும் என்பதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட முடியாதவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சைக் கடந்து பிள்ளையிடம் போகும், ஆனால் தாயின் இன்சுலின் அப்படிக் கடந்து போவதில்லை. ஆகவே பிள்ளையின் கணையமே மிகுதியாக இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது, அதனால் பிள்ளை கொழுத்து வளர்கிறது, பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. பிறந்து தொப்புள்கொடி அறுபட்டதும் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றுவிட, பிள்ளையின் இன்சுலின் மட்டும் உயர்ந்தே இருப்பதால், அதன் சர்க்கரை மளமளவென்று இறங்கவும் கூடும். இவற்றையெல்லாம் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பக் கால நீரிழிவு உள்ள 1,000 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், முறையாகச் சிகிச்சை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கடுமையான சிக்கல்கள் 4 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்தன.

இது இனிப்பு அதிகம் தின்றதால் வந்த தண்டனையும் அன்று. மலேசியாவில் 2019-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களிடையே அது மிக அதிகமாக இருப்பதாகவும் காட்டியது. தாய்க்கோ தந்தைக்கோ இனிப்பு நீர் இருப்பது, முந்தைய பிள்ளை 4 கிலோவுக்கு மேல் பிறந்தது, உடல் பருமன், முந்தைய கர்ப்பத்தில் இதே நோய் இருந்தது ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் ஏதேனும் இருந்தால் முதல் பரிசோதனையின்போதே சொல்லிவிட வேண்டும். அப்போதே குளுக்கோஸ் சோதனை செய்வார்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்வார்கள்.

அந்தச் சோதனையில், இரவு முழுவதும் பட்டினி இருந்து இரத்தம் கொடுத்த பின் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுப்பார்கள். மலேசிய வழிகாட்டியின்படி வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8 அல்லது அதற்கு மேல் இருந்தால், இரண்டில் ஒன்றே போதும், கர்ப்பக் கால நீரிழிவு என்று முடிவு செய்வார்கள். நோய் உறுதியான பின் அன்றாடம் எட்ட வேண்டிய இலக்குகள் வேறு: வெறும் வயிற்றில் 5.3-ஐத் தாண்டக் கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் 6.4 முதல் 6.7 வரை என்று வழிகாட்டிகள் சற்று வேறுபடுகின்றன. உங்கள் கிளினிக் எந்த எண்ணைப் பின்பற்றுகிறது என்பதைக் கேட்டு, கர்ப்பிணிப் பதிவேடான இளஞ்சிவப்புப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியமாகிறது. நம்மில் பலர் தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளிகளைப் பார்த்துத்தான் இதைப் பற்றி அறிந்துகொள்கிறோம். அவர்கள் 95, 140 என்று சொல்வது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நம் நாட்டில் பயன்படுவது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும்: 5.3 என்பது ஏறத்தாழ 95, 7.8 என்பது 140. இந்தக் கணக்குத் தெரியாமல், நமக்கு வெறும் 8 தானே, அங்கே 140 வரைக்கும் விடுகிறார்களே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

நடை: எப்போது, எவ்வளவு, எங்கே

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி ஒன்று திறக்கிறது. முன்வாசலில் இன்சுலின் தடுமாறி நிற்கும்போது, நடை பின்வாசலைத் திறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பக் காலத்தில் நோயின் மூலமே இன்சுலின் சரியாக வேலை செய்யாததுதான் என்பதால், இந்த இரண்டாவது வழி கர்ப்பிணிக்கு மிகவும் பயன்படும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியுள்ளது. வாரக் கணக்கில் இந்த எண் போதுமானது. ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு எவ்வளவு நேரம் என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் முக்கியம். காலையில் மொத்தமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மதியம் நாசி கண்டார் சாப்பிட்டு உடனே படுத்துக்கொண்டால், காலை நடையின் பலன் மதியச் சோற்றுக்கு முழுமையாகக் கிடைக்காது. உணவிலிருந்து வரும் சர்க்கரை இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுவது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில்; ஆகவே சாப்பிட்டு முடித்த 10 முதல் 20 நிமிடத்துக்குள் எழுந்து 10 முதல் 15 நிமிடம் நடப்பதுதான் அந்த உச்சியைத் தாழ்த்தும். மூன்று வேளையும் இப்படி நடந்தால் நாளுக்கு 30 நிமிடத்துக்குக் குறையாது. வாரத்தில் ஐந்து நாள் செய்தாலே 150 நிமிடம் நிறைந்துவிடும். மூன்று வேளையும் முடியாதவர்கள், தங்களுக்கு எந்த வேளை உணவுக்குப் பின் சர்க்கரை அதிகம் ஏறுகிறதோ அந்த வேளையிலிருந்து தொடங்கட்டும். பலருக்குக் காலை உணவுக்குப் பின்தான் அளவு எகிறுகிறது, ஏனெனில் விடியற்காலையில் உடலில் இன்சுலினை எதிர்க்கும் ஹார்மோன்கள் கூடுதலாக இருக்கின்றன. காலை உணவாக ரொட்டி சானாயும் கெட்டிப் பால் கலந்த தே தாரிக்கும் சாப்பிடுவது இதனுடன் சேரும்போது எண் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேநீர் இல்லாமல் முடியாது என்பவர்கள் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டு வாங்கலாம்.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்று ஏற வேண்டும். அதுவே மிதமான வேகம். பேசவே முடியாமல் இரைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதுவரை நடந்து பழகாதவர்கள் 5 நிமிடத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

எங்கே நடப்பது என்பது பினாங்கில் பெரிய சிக்கல் அன்று, எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும். காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். கர்ப்பிணியின் உடல் மிகையாகச் சூடாவது நல்லதல்ல என்பதால், காலை உணவை 7 மணிக்கே முடித்துக்கொண்டு நடப்பதும், இரவு உணவுக்குப் பின் நடப்பதும் ஏற்றவை. 1884-இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் நிழல் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஏற்ற இறக்கமான பாதைகளும் இருப்பதால், வயிறு பெரிதான பின் சமமான பாதையையே தேர்ந்தெடுங்கள், குரங்குகள் கண்ணில் படும்படி தின்பண்டம் எதையும் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். கர்னி டிரைவ் கடலோரமும் கர்பால் சிங் டிரைவும் சமதளமாக இருப்பதால் கடைசி மாதங்களுக்கும் பொருந்தும். மதிய வேளையில் பேரங்காடிக்குள் குளிரூட்டிய நடைபாதையில் நடப்பது மிகவும் பயனுள்ளது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடப்பதை விட்டுவிட்டு இதையே செய்ய வேண்டும். அந்தி வேளையில் நடப்பவர்கள் கொசுக்கடியைத் தவிர்க்கக் கைகால்களை மூடிய உடை அணிய வேண்டும், ஏனெனில் கர்ப்பிணிக்கு டிங்கிக் காய்ச்சல் வருவது சாதாரண விஷயமன்று. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் தங்கள் மாடியின் தாழ்வாரத்திலேயே முன்னும் பின்னும் நடக்கலாம். தண்ணீர்மலை முருகன் கோவில் படிகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்: 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்குவது, முன்பிருந்தே ஏறிப் பழகியவர்களுக்கு டாக்டரின் ஒப்புதலோடு முடியலாமே தவிர, கர்ப்பக் காலத்தில் புதிதாகத் தொடங்குவதற்கு உரியதல்ல. வயிறு பெரிதாகும்போது உடலின் சமநிலை மாறிவிடுவதால், இறங்கும்போதுதான் விழும் அபாயம் அதிகம்.

நடையுடன் வாரத்தில் இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடும், ஏனெனில் சர்க்கரையைச் செலவழிப்பது தசை. உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றி முன்னே சாய்ந்து பின்னே தள்ளுவது 10 முறை, அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுவது 10 முறை. இவற்றைச் சிறிது இடைவெளி விட்டு இரண்டு சுற்றுச் செய்யலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது. நாலைந்து மாதங்களுக்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்; கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைச்சுற்றல் வரும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். முட்டி வலி, இடுப்பு வலி உள்ளவர்களுக்கு நீச்சலும் அசையா மிதிவண்டியும் நல்ல மாற்று.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

உடற்பயிற்சி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதன்று என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கருப்பை வாய் பலவீனமாக உள்ளவர்கள், நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், குறைமாதப் பிரசவ வலி கண்டவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், கர்ப்பக் கால இரத்த அழுத்த நோய் முற்றியவர்கள், கடுமையான இரத்தச்சோகையோ இருதய நோயோ உள்ளவர்கள், பிள்ளையின் வளர்ச்சி குறைவாக இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், இரட்டைக்கு மேற்பட்ட கரு உள்ளவர்கள் ஆகியோர் டாக்டர் தெளிவாக அனுமதிக்காமல் எதையும் தொடங்கக் கூடாது. அனுமதி பெற்று நடப்பவர்களும், இரத்தமோ நீரோ கசிந்தாலும், விட்டுவிட்டுச் சீராக வயிறு இறுகி வலித்தாலும், நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வீக்கத்துடன் வலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தாலும், பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலும், உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாளைக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்சுலின் போடுபவர்கள் நடக்கக் கிளம்பும் முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும், கையில் குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்புப் பானமோ வைத்திருப்பதும் அவசியம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி இவை வந்து அளவு 4-க்குக் கீழே போயிருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். உணவாலும் நடையாலும் மட்டும் கட்டுப்படுத்துபவர்களுக்கு இப்படித் தாழ்வது அரிது.

இரண்டு வாரக் குறிப்பேடு

கிளினிக்கில் சர்க்கரை பார்க்கும் கருவியான குளுக்கோமீட்டரைக் கடனாகத் தருகிறார்களா என்று தாதியிடம் கேட்டுப் பாருங்கள். இரத்தம் எடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், ஏனெனில் விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். உணவுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம் என்பதைப் பொதுவாக முதல் கவளத்திலிருந்து கணக்கிடுவார்கள். உங்கள் கிளினிக் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே முறையில் செய்யுங்கள்.

வெறும் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போவதால் அரைப் பயன்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, அதற்குப் பின் நடந்தீர்களா, எத்தனை நிமிடம் என்பதையும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நாள் மூன்று தோசை சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது 8.6, மறுநாள் அதே மூன்று தோசைக்குப் பின் 15 நிமிடம் நடந்தபோது 7.4, மூன்றாம் நாள் இரண்டு தோசையும் ஒரு முட்டையும் சாப்பிட்டு நடந்தபோது 6.8 என்று எழுதியிருந்தால், உங்கள் உடல் எதற்கு எப்படி இசைகிறது என்பது டாக்டருக்கும் உங்களுக்கும் ஒரே பார்வையில் விளங்கும். எண் கூடிய நாளை மறைத்து எழுதுவது மிகப் பெரிய தவறு. கண்டிப்பார்களே என்ற அச்சத்தில் நல்ல எண்களை மட்டும் காட்டினால், உங்களுக்கு வேண்டிய மருந்து உங்களுக்குக் கிடைக்காமல் போகும், அதன் விளைவைப் பிள்ளை தாங்கும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்யும் பெண்கள் இந்தக் குறிப்பேட்டை வேறு விதமாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பகலில் தூங்கி எழுந்த பின் உண்பதே முதல் உணவு. நள்ளிரவு உணவு மதியச் சாப்பாட்டுக்குச் சமம். ஆகவே காலை, மதியம், இரவு என்று எழுதாமல் முதல் உணவு, இரண்டாம் உணவு என்று நேரத்தோடு எழுதி, வேலை நேரத்தையும் குறித்துக் காட்டுங்கள். நள்ளிரவு இடைவேளையில் 10 நிமிடம் நடக்கவும், இரத்தம் பார்க்கவும், பகல் வேலைக்கு மாறவும் டாக்டரிடமிருந்து கடிதம் கேட்கலாம். கேட்காமல் அவர்களாகத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஏனெனில் உங்கள் வேலை நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

டாக்டருடன் சேர்ந்து முடிவெடுப்பது

உணவையும் நடையையும் கொண்டு முயன்று பார்க்க ஒன்று அல்லது இரண்டு வாரம் தருவது வழக்கம். அதற்குள் இலக்கை எட்டாவிட்டால் மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். கண்டறியும்போதே வெறும் வயிற்று அளவு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த அவகாசம் தராமல் உடனே இன்சுலின் தொடங்கச் சொல்வார்கள். அதில் தாமதம் கேட்பது சரியன்று.

இந்த இடத்தில் எந்த எண் அடங்கவில்லை என்று பார்ப்பது மிக முக்கியம். உணவுக்குப் பிந்தைய அளவுகளை நடையும், தட்டில் உள்ள சோற்றின் அளவும் பெரிதும் மாற்றும். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் காட்டும் அளவு, இரவு முழுவதும் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைப் பொறுத்தது. இரவு உணவை முன்கூட்டியே முடித்து, அதற்குப் பின் நடந்து, நன்றாகத் தூங்கினால் சிலருக்கு அதுவும் இறங்கும். பலருக்கு எவ்வளவு நடந்தாலும் இறங்காது. அப்படி இறங்காதபோது, நான் சரியாக நடக்கவில்லை போலும் என்று தன்னையே நொந்துகொண்டு உணவை மேலும் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டினி கிடப்பது பிள்ளைக்குத் தீங்கு. உங்கள் குறிப்பேட்டில் உணவுக்குப் பிந்தைய அளவுகள் எல்லாம் அடங்கி, காலை அளவு மட்டும் 5.3-க்கு மேலேயே நின்றால், படுக்கும் முன் போடும் ஒரே ஒரு இன்சுலின் ஊசி போதுமா என்று டாக்டரிடம் கேட்கும் நிலைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

மருந்தில் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. மெட்ஃபோர்மின் மாத்திரை விழுங்குவதற்கு எளிது, சர்க்கரையை மிகையாகத் தாழ்த்துவது அரிது. ஆனால் அது நஞ்சைக் கடந்து பிள்ளையிடம் போகும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் தரும். இன்சுலின் பிள்ளையிடம் போகாது, அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் ஊசி போடப் பழக வேண்டும், சர்க்கரை தாழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2008-இல் வெளியான ஆய்வொன்றில், மெட்ஃபோர்மின் எடுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புக் காலச் சிக்கல்கள் இன்சுலின் போட்டவர்களின் பிள்ளைகளைவிட மிகுதியாக இல்லை. ஆனால் மாத்திரையில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னர் இன்சுலினும் சேர்க்க வேண்டியிருந்தது. ஊசியைக் கண்டு அஞ்சுபவர் முதலில் மாத்திரையைக் கேட்கலாம். பிள்ளைக்கு எந்த மருந்தும் போகக் கூடாது என்று எண்ணுபவர் இன்சுலினைக் கேட்கலாம். இரண்டும் நியாயமான விருப்பங்களே. ஒருமுறை இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும் என்று நம் குடும்பங்களில் சொல்லப்படுவது இந்த நோய்க்குப் பொருந்தாது. பெரும்பாலானோருக்குப் பிள்ளை பிறந்ததும் இன்சுலினை நிறுத்திவிடுவார்கள்.

டாக்டரின் அறையில் நேரம் குறைவு என்பது எல்லாரும் அறிந்ததே. ஆகவே கேள்விகளை முதல் நாளே எழுதி, முதலில் அவற்றைச் சொல்லிவிட வேண்டும்: “டாக்டர், என் நிலையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றிலும் எனக்கும் பிள்ளைக்கும் என்ன நன்மை, என்ன தீமை? இன்னும் ஒரு வாரம் நடையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் என்ன ஆகும்?” இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு ஸ்கேனில் இயல்பாக இருந்து, அளவுகள் இலக்கை மிகச் சிறிதே தாண்டியிருந்தால், காத்திருக்கலாம் என்று டாக்டரே சொல்லக்கூடும். பிள்ளை பெரிதாக வளர்ந்துகொண்டிருந்தால் காத்திருக்கக் கூடாது என்பதற்கான காரணத்தை விளக்குவார். விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வேகமாக வந்து புரியாமல் போனால், “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்” என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது. சிகிச்சையின் அபாயங்களை நோயாளிக்கு எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை என்பதையும், எவ்வளவு சொன்னால் போதும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதையும் நம் நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறது.

முடிவெடுப்பதில் குடும்பத்துக்கும் இடமுண்டு, ஏனெனில் நடக்கப் போவது நீங்களாக இருந்தாலும், அந்த 15 நிமிடம் பாத்திரம் கழுவப் போவது வேறு ஒருவர். சாப்பிட்டதும் படுத்துக்கொள், இரட்டை உயிர் என்று அன்போடு சொல்லும் மாமியாரை ஒரு முறையாவது கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, தாதியின் வாயாலேயே நடையைப் பற்றிக் கேட்கச் செய்வது, வீட்டில் பத்து முறை வாதிடுவதைவிட நல்லது. “அத்தை, நீங்களும் என்னோடு வாருங்கள், தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது” என்று அழைத்தால் பெரும்பாலானோர் வருவார்கள், அவர்களுடைய சர்க்கரைக்கும் அது நல்லது. வளைகாப்பில் கலந்த சாதங்களும் பலகாரமும் தவிர்க்க முடியாதவை. சிறிதளவு எடுத்துக்கொண்டு, அன்றும் நடையை விடாமல் இருந்தால் போதும். தைப்பூச விரதம், சஷ்டி விரதம், ரமலான் நோன்பு இவற்றை மேற்கொள்ள விரும்புபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் தாமாக விரதம் இருப்பது ஆபத்து.

பிரசவத் தேதியும் பேசி முடிவெடுக்க வேண்டிய ஒன்றே. உணவாலும் நடையாலும் மட்டும் கட்டுப்பாட்டில் இருந்து, பிள்ளையும் நன்றாக வளர்ந்தால், வலி தானாக வரக் காத்திருக்கலாம்; ஆயினும் 40 வாரம் 6 நாளைத் தாண்ட விடுவதில்லை. மருந்து எடுப்பவர்களுக்கும், கட்டுப்பாடு சரியில்லாதவர்களுக்கும் அதற்கு முன்பே வலியைத் தூண்ட ஆலோசனை சொல்வார்கள். ஏறத்தாழ 36 வாரத்தில் இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் எடை 4 கிலோவை நெருங்குவதாக ஸ்கேன் காட்டினால், சுகப்பிரசவத்தின் அபாயத்தையும் அறுவையின் அபாயத்தையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி கேளுங்கள், ஸ்கேன் காட்டும் எடை ஒரு மதிப்பீடுதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்த பின்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்தால் பிள்ளையின் சர்க்கரை தாழாமல் காக்க உதவும். குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், அதைக் கண்டு கலங்க வேண்டாம். தாய்க்கு ஆறாவது வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இந்தச் சோதனையைத்தான் நம் பெண்கள் பலர் விட்டுவிடுகிறார்கள், பத்தியத்தில் இருக்கும்போது வெளியே போகக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாளாக உயர்ந்துள்ளதால், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும் இந்தச் சோதனை விடுப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது; மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகப்பிரசவம் ஆனவர்கள் உடல் ஒத்துழைக்கும்போது சில நாட்களிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கத் தொடங்கலாம். அறுவை செய்துகொண்டவர்கள் டாக்டர் சொல்லும் வரை வேக நடையைத் தவிர்க்க வேண்டும். ஆறாம் வாரச் சோதனை இயல்பாக இருந்தாலும், கர்ப்பக் காலத்தில் இனிப்பு நீர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போது கருத்தரிக்கும் முன்பே ஒரு சோதனை செய்துகொண்டு, கருத்தரித்ததும் முதல் பரிசோதனையின்போதே இந்தப் பழைய குறிப்பேட்டைக் கொண்டுபோய்த் தாதியிடம் காட்டுங்கள்.